மகன் கடற்படையில் இருக்கிறானா? அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகன் 2022 நவம்பரில், அக்னிவீர் என்கிற நான்கு வருஷப் பணித் திட்டத்தின் முதல் பேட்சில், கடற்படைக்குப் போனான். அதற்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் பக்கத்து அம்மாக்கள் முப்பது சொச்சம் பேர் சேர்ந்துவிட்டோம். தினமும் வாட்ஸ்அப்பில் பேச்சு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை போய்விட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். மகன் என்று எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் மகளையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கடற்படையில் அம்மாக்களுக்கு என்று சங்கம் எதுவும் இல்லையா?

அம்மாக்களுக்கு என்று தனியாக நான் பார்த்ததில்லை. கடற்படைக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய சங்கம் உண்டு, என்.டபிள்யூ.டபிள்யூ.ஏ. என்பார்கள். கடற்படையினரின் மனைவிமார் சங்கமாக இருந்தது, இப்போது பெயரில் மனைவி என்பதை எடுத்துவிட்டு நலவாழ்வு என்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல வேலைகள் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர்களுக்குக் கைக்கெட்டுகிற விஷயம். நாம் கோவில்பட்டியிலும் சங்கரன்கோவிலிலும் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடற்படை அக்னிவீரர்கள் சேரும்போது கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும், அந்த நான்கு வருஷமும் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. அப்படியானால் இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு வீட்டில் காத்திருக்கிற ஆள் யார்? மனைவி கிடையாது. அம்மாவும் அப்பாவும்தான். இது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை, அதனால் நாங்களே கூடிக்கொண்டோம்.

அமெரிக்காவில் படையில் இருப்பவர்களின் அம்மாக்கள் 1942லேயே, உலகப்போர் சமயத்தில், மிச்சிகனில் ஃபிளின்ட் என்கிற ஊரில் 'ப்ளூ ஸ்டார் மதர்ஸ்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், இன்றைக்கும் நடக்கிறது. போரில் பிள்ளை இருக்கிற வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் போட்ட கொடியைத் தொங்கவிடுவார்களாம். நம் வீட்டு வாசலில் அப்படித் தொங்கவிட்டால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்.

பயிற்சிக்கு சில்காவுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது, ஒரு போன் இல்லை. எதுவும் ஆகியிருக்குமா?

ஒன்றும் ஆகியிருக்காது. போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் பேட்சில் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் கொஞ்ச நேரம், பேச விட்டார்கள். முதல் போனில் அவன் மூன்று நிமிஷம் பேசினான், அதில் இரண்டு நிமிஷம் நான் அழுதேன், உருப்படியாக ஒன்றும் கேட்கவில்லை. அதனால் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி போன் பக்கத்திலேயே வையுங்கள். அந்த நாளில் எங்கேயும் போகாதீர்கள், தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்து நான்கு தடவை கட் பண்ணிவிட்டு, அந்த ஒரு வாரம் பூராவும் சோறு இறங்காமல் இருந்தார்.

அப்புறம், போர்க்கப்பல் பெயருக்கு முன்னால் வருகிற ஐ.என்.எஸ். இதற்கும் இருப்பதால் சில்கா ஒரு கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். 'அங்கே ரொம்ப ஆடுமா, வாந்தி வருமா' என்று கேட்கிறார்கள். கடற்படையில் தரையில் இருக்கிற முகாமுக்கும் ஐ.என்.எஸ். என்றுதான் பெயர். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கிற பயிற்சி முகாம் அது, 1980லிருந்து இருக்கிறது. ஏரி நம்ம பழவேற்காடு மாதிரி உப்பு ஏரி, அதைவிடப் பெரிது. சுமார் நான்கு மாதப் பயிற்சி. நீச்சல் தெரியாமல் போனாலும் கற்றுக்கொண்டுதான் வெளியே வருவான். என் மகன் தாமிரபரணியில் இடுப்புத் தண்ணீருக்கு மேல் இறங்காத ஆள்.

பயிற்சி முடிகிற பாசிங் அவுட் அணிவகுப்புக்குப் போகணுமா? ரெண்டு பேர் போய்வர பதினைந்தாயிரம் ஆகும் போலிருக்கே.

கடன் வாங்கியாவது போங்கள் என்று சொல்ல மாட்டேன், நிறைய பேர் ஏற்கெனவே கடனில்தான் இருக்கிறோம். முடிந்தால் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து போனால் அறை வாடகை, வண்டிச் செலவு எல்லாம் பாதியாகும்.

நாங்கள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் ஹௌரா மெயில். ஒரு ராத்திரி, மறுநாள் மத்தியானம் ஒடிசாவில் இருப்பீர்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வேண்டாம், விஜயவாடா தாண்டுவதற்குள் புளித்துவிடும்.

முதல் பேட்சுக்கு 2023 மார்ச் 28 அன்று அணிவகுப்பு. இந்திய ராணுவப் படைகள் எதிலுமே அதுவரைக்கும் பொழுது சாய்ந்த பிறகு பாசிங் அவுட் நடந்ததில்லையாம், அன்றைக்குத்தான் முதல் தடவை விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. ஏறக்குறைய 2,600 பேர். எல்லாரும் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, ஒரே மாதிரி ஒட்ட வெட்டின முடி, ஒரே மாதிரி கறுத்துப் போன முகம். மூன்றாவது வரிசையில் என் மகனைக் கண்டுபிடித்துவிட்டேன். பத்து நிமிஷம் கண்ணீரும் கம்பலையுமாகக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, 'அது எங்க வீட்டுப் பையன்ங்க' என்றார். என் மகன் எங்கேயோ கடைசிப் பக்கம் நின்றிருக்கிறான். அந்த அம்மா அருப்புக்கோட்டை. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேச ஆரம்பித்ததுதான், இந்த முப்பது பேரும் அப்படி வந்தவர்கள்தான்.

சம்பளம் 30,000 என்றார்கள். 21,000தான் வருகிறது. யாராவது பிடித்துக்கொள்கிறார்களா?

யாரும் எடுக்கவில்லை. முதல் வருஷம் மொத்தம் 30,000, அதில் கைக்கு 21,000, மீதி 9,000 சேவா நிதி என்கிற கணக்கில் சேர்கிறது. இரண்டாம் வருஷம் 33,000, அதில் கைக்கு 23,100. மூன்றாம் வருஷம் 36,500. நான்காம் வருஷம் 40,000, கைக்கு 28,000. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு முப்பது பிடித்தம். நான்கு வருஷத்தில் அவன் பங்கு 5.02 லட்சம், அரசாங்கமும் அதே அளவு போடுகிறது, வட்டியோடு சேர்த்து 11.71 லட்சம் முடிவில் கிடைக்கும் என்று திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள். வருமான வரி கிடையாது.

மாமனார் மாமியாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லி வைத்துவிடுங்கள். 'மீதி ஒன்பதாயிரத்தை அவன் அங்கே என்ன பண்றான்' என்ற கேள்வி பல வீட்டில் சண்டையில் முடிந்திருக்கிறது.

டிரெயினிங் முடிந்ததும் தமிழ்நாட்டுப் பக்கம் போஸ்டிங் கிடைக்குமா?

நினைப்பை வளர்த்துக்கொள்ளாதீர்கள். சில்காவுக்குப் பிறகு அவனவன் பிரிவுக்கு ஏற்ற மாதிரி இன்னொரு பயிற்சி: இன்ஜின் வேலை என்றால் லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜி, எலக்ட்ரிகல் என்றால் ஜாம்நகரில் வல்சுரா, சமையல், ஸ்டோர் வேலை என்றால் மும்பையில் ஹம்லா. அப்புறம் கப்பல். போர்க்கப்பல்கள் பெரும்பாலும் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, கார்வாரில் நிற்கின்றன. நம்ம ஊரிலும் முகாம்கள் இருக்கின்றன, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, திருநெல்வேலி மாவட்டத்தில் கட்டபொம்மன். பெயர் மட்டும் அழகாகத் தமிழில் இருக்கும். பிள்ளை குஜராத்தில் இருப்பான்.

'செயிலிங் போறேன்மா' என்றான். அதற்குப் பிறகு மெசேஜ் எல்லாம் ஒரே டிக்கில் நிற்கிறது. எத்தனை நாள் இப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

எத்தனை நாள் என்று அவனுக்கே முழுசாகத் தெரியாது. நான்கு நாள் என்று போய் மூன்று வாரம் கழித்து வந்ததும் உண்டு, ஒரு மாதம் என்றவன் பத்தாம் நாள் கரையிலிருந்து கூப்பிட்டதும் உண்டு. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் டவர் கிடைக்காது, கப்பலில் செல்போன் கட்டுப்பாடும் உண்டு. ஒற்றை டிக் என்றால் அவ்வளவுதான் அர்த்தம். கோபமாக இருக்கிறான், பிளாக் பண்ணிவிட்டான், உடம்பு சரியில்லை என்று கதை கட்டிக்கொள்ளாதீர்கள். நான் எல்லாக் கதையும் கட்டிப் பார்த்துவிட்டேன்.

முதல் செயிலிங்கின்போது காலையில் நான்கரைக்கு எழுந்து போனைப் பார்ப்பேன். பல் தேய்த்துவிட்டு ஒரு தடவை, பால் வாங்கிவிட்டு ஒரு தடவை, இட்லித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு தடவை. பதினேழாம் நாள் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது விசிலுக்கும் நான்காவதுக்கும் நடுவில் போன் வரிசையாக அதிர்ந்தது. பதினேழு நாளாக நான் அனுப்பியிருந்த நாற்பது மெசேஜும் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டை டிக் ஆகி, நீலமாகி, கீழே 'சாப்டியாமா' என்று ஒரு வரி வந்தது. அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாருக்கு ஒற்றை டிக்கோ அவருக்கு தினமும் சாயங்காலம் ஒருத்தர் முறை போட்டுக் கூப்பிடுவோம். பையனைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம். சீரியல், தண்ணீர் லாரி, மருமகள் சண்டை எதுவாக இருந்தாலும் சரி, பத்து நிமிஷம்.

என் மகன் சப்மரீன் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அது இன்னும் மோசமா?

சத்தமே இல்லாத காலம் இன்னும் நீளும், அதைத் தவிர பயிற்சியும் கவனிப்பும் நன்றாகவே இருக்கும் என்கிறார்கள். வள்ளியூர் பக்கம் போனால் தூரத்தில் வானத்தை முட்டுகிற மாதிரிக் கம்பங்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். விஜயநாராயணத்தில் இருக்கிற கட்டபொம்மன் முகாம் அதுதான், 1990லிருந்து தண்ணீருக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி அனுப்புகிறார்கள். ரொம்பத் தாழ்ந்த அலைவரிசை என்பதால் தண்ணீருக்குள்ளும் கொஞ்ச ஆழம் வரை போகும். ஆனால் கப்பலால் அதே வழியில் பதில் சொல்ல முடியாது, கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும். எங்கள் குழுவில் சப்மரீன் அம்மா ஒருத்தர் இருக்கிறார், பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்து 'பத்திரமா இருய்யா' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கண்டக்டருக்கே பழகிவிட்டது.

எந்தக் கப்பல், எங்கே போகிறது என்று சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சொல்லலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் கறார். கடற்படையில் இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கப்பல் பெயர், எந்தத் தேதியில் கிளம்புகிறது, எந்தத் துறைமுகம் வருகிறது, இவற்றை ஸ்டேட்டஸிலும் போடக்கூடாது, குழுவிலும் போடக்கூடாது. பெண் வேஷத்தில் ஃபேஸ்புக்கில் பழகி ரகசியம் வாங்கிய வழக்கில் 2019 டிசம்பரில் கடற்படை ஆட்கள் 7 பேரைக் கைது செய்தார்கள், அதை ஒட்டித்தான் கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. அம்மா வாய் தவறிச் சொன்னதால் பிள்ளைக்கு விசாரணை என்ற நிலை வேண்டாம். எங்கள் குழுவில் ஒருத்தர் 'நாளைக்குத் தம்பி கப்பல் இந்த ஊருக்கு வருது' என்று சந்தோஷத்தில் போட்டார். அழித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். இரண்டு நாள் வருத்தமாக இருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார்.

'உங்கள் மகன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடற்படை அம்மாவிடம் கூகுள் பே கேட்காது.

டிவியில் போர், தாக்குதல் என்று காட்டும்போது என்ன செய்வது?

அணைத்துவிடுங்கள். 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா சோமாலியாக் கடற்கொள்ளையரை 40 மணி நேரம் மடக்கி வைத்து, 35 பேரைச் சரணடைய வைத்து, பிடித்து வைத்திருந்த 17 கப்பல் ஊழியரை மீட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்த இரண்டு நாளும் சேனல்காரர்கள் போட்ட மியூசிக்கில் எங்களுக்கு நெஞ்சு வலி வராத குறை, அந்தக் கப்பலில் எங்கள் பிள்ளைகள் யாரும் இல்லாதபோதே.

ஒன்றும் ஆகாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. 1971 டிசம்பர் 9 ராத்திரி ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியதில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில், கரையில் கட்டியிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் போனார்கள். இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். இதெல்லாம் தெரிந்த இன்னொரு அம்மாவிடம் பயத்தைச் சொல்லும்போது 'சும்மா இரு, பாசிட்டிவா நினை' என்று வாயை அடைக்க மாட்டார், அதுதான் வித்தியாசம்.

பார்சல் அனுப்பலாமா?

தாராளமாக. கப்பலில் இருப்பவர்களுக்கு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்கிற கடற்படைத் தபால் ஆபீஸ் மூலம் போகும், அவன் கொடுக்கிற விலாசத்தை ஓர் எழுத்து மாறாமல் எழுதுங்கள், கடற்படையில் அவனுக்குக் கொடுத்திருக்கிற பெர்சனல் நம்பரையும் சேர்த்து. கப்பல் வெளியே இருந்தால் பார்சல் காத்துக்கிடக்கும், அதனால் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். தூத்துக்குடி மக்ரூன் அனுப்பவே அனுப்பாதீர்கள், மாவாகத்தான் போய்ச் சேரும், அனுபவம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பருப்புப்பொடி, இஞ்சித் துவையலைச் சுருளச் சுருள வதக்கி ஒரு சின்ன டப்பா. பருப்புப்பொடியைக் கொஞ்சம் கூடவே போடுங்கள். மெஸ்ஸில் பஞ்சாப், பீகார்ப் பையன்கள் எல்லாம் கையை நீட்டுவார்கள், இவனுக்கு இரண்டு நாள் வந்தால் பெரிது.

வீட்டில் ஒரு அவசரம், அவன் கடலில் இருக்கிறான். எப்படிச் சொல்வது?

இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: அவன் பெர்சனல் நம்பர், பதவி, கப்பல் பெயர், கப்பலின் தளத்து ஆபீஸ் நம்பர், கரையில் இருக்கிற ஒரு நண்பனின் நம்பர். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருத்தருக்கும் தெரிய வேண்டும். மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரில்தான் முன்னாள் என்று இருக்கிறது, பணியில் இருப்பவர்கள் குடும்பத்துக்கும் வழி சொல்வார்கள்.

தளத்துக்குச் சொன்னால் கப்பலுக்குத் தகவல் போய்விடும். ஆனால் தகவல் போவது வேறு, ஆள் வந்து சேர்வது வேறு. எங்களில் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் தவறியபோது மகன் நடுக்கடலில் இருந்தான். கொள்ளி வைக்கத் தம்பி மகன்தான் நின்றான். இவன் நான்காம் நாள் விடியற்காலையில் பையோடு வந்து இறங்கினான். அந்த நான்கு நாளும் எங்களில் இரண்டிரண்டு பேர் மாறி மாறி அந்த வீட்டில் படுத்தோம். வாசலில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அக்கா எழுந்து உட்காருவார், நாங்களும் கூடவே எழுந்து உட்காருவோம். பேச்சு எதுவும் கிடையாது.

மகளை அனுப்பியிருக்கிறேன். ஊரில் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள்.

பேசட்டும். பெண்கள் மாலுமியாகச் சேர்ந்ததே 2022இல்தான். முதல் பேட்சிலேயே 270க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் எங்கள் கண் முன்னால் நடந்து போனார்கள், கைத்தட்டல் அவர்களுக்குத்தான் அதிகம். உங்களுக்கு என்று தனிக் கவலைகள் இருக்கும், அதனால் மகள் அம்மாக்கள் ஆறு பேர் தனியாகவும் பேசிக்கொள்கிறார்கள், அங்கே சேர்த்துவிடுகிறேன்.

நான்கு வருஷம் முடிந்ததும் என்ன? தங்குகிற 25 பேரில் ஒருத்தனா, வெளியே வருகிற 75 பேரில் ஒருத்தனா?

100க்கு 25 பேர் வரைக்கும் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியம் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இலேயே அறிவித்தார்கள். எங்கள் பேட்சுக்கு 2026 நவம்பரோடு நான்கு வருஷம்.

இதில்தான் அம்மாக்களுக்குள் லேசாக ஒரு நெருடல் வரும். என் பிள்ளை தங்கி உன் பிள்ளை வெளியே வந்தால் என்ன செய்வது? அருப்புக்கோட்டை அக்காதான் அதை வாய்விட்டுக் கேட்டார், மொட்டைமாடியில், எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. யாரும் பதில் சொல்லவில்லை. பட்டியல் வரும் நாளில் யாரும் குழுவில் ரிசல்ட் போடக்கூடாது, ஒருத்தருக்கொருத்தர் போனில்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் பேசி முடிவு செய்தோம்.

அப்பாக்கள் சேரலாமா?

சேரலாம், சேர மாட்டார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே டீக்கடையில் நிற்பார், அங்கே இன்னும் ஐந்தாறு அப்பாக்கள் இருப்பார்கள், கிரிக்கெட்தான் பேசுகிறோம் என்று சொல்கிறார்கள். வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தாலே பேப்பரை இறக்காமல் உள்ளேயிருந்து கேட்பார்: 'ரெண்டு டிக் ஆயிருச்சா?'